ஒன்பதாவது முகத்தின் ஈரம்

எமில் லோபல் என்ற ஓவியருக்கு நடந்த அநியாயங்களை வரிசை மாறாமல் சொல்ல வேண்டும். வரிசை மாறினால் யாராவது ஒருவன் தப்பித்துக்கொள்வான்.

முதல் அநியாயம் ஜெர்மனியில், பிரெஸ்லாவ் என்ற ஊரில் நடந்தது. அங்கே ஓவியப் பள்ளியில் பதினோரு வருஷம் பாடம் சொல்லிக்கொடுத்த மனிதரை, யூதன் என்ற ஒரே காரணத்துக்காக, ஒரு திங்கட்கிழமை காலையில் வருகைப் பதிவேட்டில் அவர் பெயரின் மேல் அடிக்கோல் வைத்து நேராகக் கோடு போட்டு, வெளியே போகச் சொன்னார்கள். இரண்டாவது அநியாயத்தைச் செய்தவன் அவருடைய மேல்மாடிக்காரன். பண்டிகைதோறும் அவர் வீட்டுப் பலகாரத்தைத் தின்றவன், ஒருநாள் நாலு பேரோடு இறங்கி வந்து வீட்டை எடுத்துக்கொண்டான், சுவரில் இருந்ததையெல்லாம் தெருவில் குவித்துக் கொளுத்தினான், மனைவியையும் மகளையும் வைத்து அவர் வரைந்திருந்த படங்களும் பெட்டியிலிருந்த அவர்களுடைய போட்டோக்களும் அந்த நெருப்பில் போயின. மூன்றாவது ஒரு தூதரக மேசையில் நடந்தது. மூன்று பேருக்கு அனுமதி கேட்டவருக்கு ஒருவருக்கான முத்திரையைக் குத்திக்கொடுத்து, நீங்கள் முதலில் போங்கள், இவர்கள் அடுத்த கப்பலில் வரட்டும் என்று சொன்ன அதிகாரி சிரித்த முகத்துக்காரன் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். ரயிலடியில் ஆறு வயது மகள் ஜன்னலுக்குக் கீழே அழாமல் நின்றாள்; அழாமல் இருந்தால் சீக்கிரம் கூப்பிட்டுக்கொள்வதாக அப்பா சொல்லியிருந்தார். நான்காவது அநியாயம் நம் ஊரில். அவர் சென்னையில் இறங்கிய ஐந்தாம் மாதம் சண்டை மூண்டது, ஜெர்மன் பாஸ்போர்ட் வைத்திருப்பவன் எவனும் எதிரிதான் என்று வெள்ளைக்கார சர்க்கார் அவரைக் கம்பி வேலிக்குள் ஒன்றரை வருஷம் அடைத்தது, அவரைத் துரத்திய கும்பலைச் சேர்ந்தவனுக்கே பக்கத்துக் கட்டிலையும் கொடுத்தது. அங்கே இருக்கும்போது மனைவியிடமிருந்து மூன்று கடிதங்கள் வந்தன. நான்காவது வரவில்லை.

அன்றைக்கு அவர் ஒரு முடிவு எடுத்தார். இருக்கிறாளா இல்லையா என்று தெரிகிற வரைக்கும் மகளின் பெயரை எவர் காதிலும் போடுவதில்லை. தெரியாமல் சொன்னால், சொல்லுகிற விதத்திலேயே அவளை ஒரு பக்கம் தள்ளிவிடுவோம் என்று பயந்தார். இருக்கிறாள் என்று சொன்னால் பொய்யாகலாம், இருந்தாள் என்று சொன்னால் கொலையாகலாம். ஆகவே வாயை மூடிக்கொண்டார்.

ஐந்தாவது அநியாயத்தைச் செய்தவர்கள் நம் ஆட்கள். அதைச் செய்த கை தனகோட்டியின் கை.

தனகோட்டி ஓட்டேரி மார்லோ மில் தொழிலாளர் சங்கத்தின் செயலாளர். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் அவனை விட்டது. மிச்சப் படிப்பையெல்லாம் துண்டுப் பிரசுரங்களில் படித்தான், டீக்கடையில் வடை மடித்துக் கொடுத்த தாளைக்கூட எண்ணெயைத் துடைத்துவிட்டுப் படிப்பான். அதனால் அவனுக்கு ஒரு நம்பிக்கை ஊறிப்போயிருந்தது: அச்சில் ஏறாதது நடக்காதது, அச்சில் ஏறியது நடந்தது. நேர்மையான ஆள், மில்லில் ஒரு நூல்கண்டு எடுத்ததில்லை, லத்திக்கு முதுகைக் காட்டியதில்லை. இப்படிப்பட்டவர்கள் செய்கிற தப்புக்கு மன்னிப்புக் கேட்க ஆள் கிடைப்பதில்லை, ஏனென்றால் அவர்களுக்கே அது தப்பு என்று தெரிவதில்லை.

வேலியிலிருந்து வெளியே வந்த லோபலுக்கு ஜார்ஜ் டவுனில் ஒரு காலண்டர் அச்சகத்தில் வேலை கிடைத்தது. கூந்தல் தைலத்துக்கு லட்சுமி, சோடா கம்பெனிக்கு முருகன், புகையிலைக்கு அனுமார். முதல் லட்சுமியை முடித்துக் காட்டியபோது அச்சக முதலாளி ரத்தினசபாபதி முகத்தைச் சுளித்தார்.

"என்னா தொரை இது, மகாலட்சுமிக்குப் பூனைக்கண்ணா? கறுப்படிங்க. மூக்கை எங்க ஊர் மூக்கா வைங்க. தாடையைக் கொஞ்சம் உருட்டுங்க. ம்... இப்பதான் நம்ம வீட்டுப் பொண்ணாட்டம் இருக்கு."

கறுப்படித்தார். அடுத்த படத்துக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அதற்கடுத்ததில் கையே பழகிவிட்டது. ஐந்து வருஷத்தில் ஐந்நூறு கண்களுக்குக் கறுப்படித்தார். ஓட்டேரியில் நாலா என்ற கால்வாய்க்குப் பக்கத்தில் ஒரு ஓட்டு வீட்டில் குடியிருந்தார், செய்தித்தாளைப் பார்த்துத் தமிழ் படித்தவராகையால் மாட்டைக்கூட "நீங்கள் சற்று விலகுங்கள்" என்றுதான் விரட்டுவார். பிள்ளைகள் அதைக் கேட்பதற்கென்றே தெருவில் மாட்டை ஓட்டிவிடும். சாமி படம் போடுவது யூதர் வேதத்தில் குற்றமாமே என்று சவரக்கடை பாஷா பாய் ஒருமுறை கேட்டதற்கு, தாடையில் சோப்பு நுரையோடு பதில் சொன்னார்:

"எங்கள் சாமி, என்னை வரையாதே என்றார். எனக்கு வேலை போயிற்று. உங்கள் சாமிகள் வாரம் ஒரு படம் கேட்கிறார்கள். நல்ல முதலாளிகள்."

"அப்ப எங்காளு?" என்றார் பாஷா பாய்.

"உங்களவரும் வேலை கொடுக்க மாட்டார். நாம் இருவரும் ஒரே கட்சி."

ஐந்தாம் வருஷப் பங்குனியில், மில் வாசலில் கூடிய தொழிலாளர்கள் மேல் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. சர்க்கார் கணக்கில் செத்தவர்கள் மூன்று பேர். வீடு வீடாகப் போய் எண்ணியதில் எட்டுப் பேர். உடல்களைச் சொந்தக்காரர்களுக்குக் காட்டாமல் லாரியில் ஏற்றிப் போய் எங்கேயோ புதைத்தார்கள், எட்டுப் பேரில் ஒருவனும் உயிரோடிருந்தபோது போட்டோ எடுத்துக்கொண்டவனில்லை, ஆகவே அவர்கள் இருந்தார்கள் என்பதற்கே பெண்டாட்டிகளின் அழுகையைத் தவிர வேறு சாட்சி இல்லாமல் போயிற்று. தனகோட்டி லோபலின் வீட்டு வாசலில் போய் நின்றான்.

"தொர, எட்டு மொகம் வேணும். காட்டறதுக்குப் படமில்ல. சொல்றதுக்கு ஆளிருக்கு. முடியுமா?"

லோபல் கையிலிருந்த தூரிகையைக் கீழே வைத்தார். படமில்லாத முகத்தைப் பற்றி அவரிடம் யாரும் அதுவரை கேட்டதில்லை. "உட்காரச் சொல்லுங்கள்" என்றார்.

செத்தவர்கள் நூற்று நெய்த காடாத் துணியையே சங்கத்து ஆட்கள் மில்லிலிருந்து கொண்டுவந்தார்கள். பெண்கள் அதை ஒட்டித் தைத்துப் புளியங்கொட்டைப் பசை தடவிக் காயவைத்து, சங்கக் கொட்டகையில் பதினைந்தடி நீளத்துக்குச் சட்டம் அடித்துக் கட்டினார்கள். நாற்பத்திரண்டு நாள். ஒவ்வொரு நாளும் ஒருத்தி எதிரே உட்கார்ந்து சொல்ல, அவர் போடுவார், அழிப்பார், போடுவார். நூற்புக்காரர் கன்னியப்பனின் சம்சாரம் லோகாம்பாள் முதல்நாள் ஒன்றும் சொல்ல வராமல் சும்மா இருந்துவிட்டுப் போனாள். இரண்டாம் நாள் சொன்னாள்:

"என்னைப் பாக்கறப்ப ஒரு மாதிரி பாப்பாரு. அதப் போடுங்க."

"என்ன மாதிரி, அம்மா?"

"சோத்துல கல்லு இருந்தா, இருக்குன்னு சொல்லவும் மாட்டாரு, துப்பவும் மாட்டாரு. வாயில வெச்சிக்கினு என்னைப் பாப்பாரு. அந்த மொகம்."

லோபல் அதைப் போட்டார். லோகாம்பாள் பார்த்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், சிரித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

எட்டு முகமும் முடிந்தபின் மூன்று நாள் கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக வேலை செய்தார். திறந்தபோது கன்னியப்பனுக்கும் மில் வாசல் தூணுக்கும் நடுவில் ஒன்பதாவதாக ஒரு முகம் இருந்தது. ஆறு வயதுப் பெண் குழந்தை, பாவாடை, ரெட்டைச் சடை, சிவப்பு ரிப்பன், கறுத்த கண், இடது புருவத்தை இரண்டாக வெட்டிக்கொண்டு ஒரு பழைய தழும்பு. கூட்டமென்றால் பிள்ளைகளும் இருக்கத்தானே செய்யும் என்று தனகோட்டி நினைத்துக்கொண்டான்.

படம் காயவில்லை.

எண்ணெய்ச் சாயம் காயப் பத்து நாளாகும் என்றார் லோபல். பத்து நாளாயிற்று, ஆடி ஆயிற்று, ஐப்பசி மழை வந்து போயிற்று, தை பிறந்தது, அந்த ஒன்பது முகங்களும் அப்போதுதான் தூரிகையை எடுத்தது போல ஈரமாகவே இருந்தன. கொட்டகைக்கு வருகிறவர்களின் சட்டை முழங்கையில் சாயம் ஒட்டியது, துவைத்தால் போகவில்லை, அதனால் கூட்டத்துக்கு வரும்போது பழைய சட்டை போட்டு வரும்படி சங்கம் தீர்மானம் போட்டது.

முதல் வருஷ நினைவுநாளில் பெயர் வாசித்தார்கள். எப்படி வாசிப்பது என்று யாரும் யோசிக்கவில்லை, மில் வாசலில் வாசிக்கிற மாதிரிதான். அங்கே காலை ஆறு மணிக்கு டயம் கீப்பர் பதிவேட்டை வைத்துக்கொண்டு இன்னார், தகப்பன் பெயர் இன்னார் என்று கூப்பிடுவான், கூப்பிடப்பட்டவன் "இருக்கேன்" என்பான். அவன் வந்து சேர நேரமானால் பக்கத்துத் தறிக்காரன் குரலை மாற்றி அவனுக்காக "இருக்கேன்" என்பான். இது திருட்டுத்தனம் என்பது நிர்வாகத்தின் கட்சி. ஒருவனுக்காக இன்னொருவன் நிற்பது என்பது தொழிலாளியின் கட்சி. தனகோட்டி மைக் இல்லாமலே ஓட்டேரிப் பாலம் வரைக்கும் கேட்கும் குரலில் வாசித்தான்.

"கன்னியப்பன், தகப்பன் பெயர் வேதகிரி!"

"இருக்கேன்!" என்றார்கள் நூற்புக்காரர்கள் எல்லாரும்.

அப்போது கஞ்சி போட்ட வேட்டியைப் பிரிக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. லோகாம்பாள் போய் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "இவரு காஞ்சிட்டாரு, அடுத்த பேரப் படி" என்றாள். அடுத்த பெயருக்கு அடுத்த முகம் காய்ந்தது. எட்டுப் பெயர் வாசித்து முடிந்தபோது எட்டு முகங்களும், வானமும், மில் கேட்டும், போலீஸ்காரர்களின் பூட்ஸும் காய்ந்திருந்தன. குழந்தை மட்டும் ஈரம்.

ஓட்டேரி ஜனங்கள் ஓடிவந்து கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை. வெயிலில் போட்ட வடகம் மாதிரி இதற்கும் ஒரு பதம் இருக்கும்போல என்று பேசிக்கொண்டார்கள். காய்ச்சல் கண்ட பிள்ளைகளின் தாய்மார் ரிப்பன் சிவப்பில் ஒரு துளி தொட்டு நெற்றியில் வைத்தார்கள், சில பிள்ளைகளுக்குக் காய்ச்சல் விட்டது, சிலதுக்கு விடவில்லை, ஆஸ்பத்திரிக்கும் அதே கதைதானே என்றார்கள். வேவு பார்க்க வந்த ஏட்டு ஒருவர் கட்டைவிரலால் தொட்டுப் பார்த்தார், அதன்பின் அவர் எழுதிய ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் சிவப்பு ரேகை விழுந்தது, கடைசியில் பென்ஷன் காகிதத்திலும் விழுந்தது. நிர்வாகம் ஒரு ரசாயனக்காரரை அனுப்பியது, அவர் எண்ணெயில் கலப்படம் என்று எழுதிக் கொடுத்தார். நகரத்திலிருந்து வந்த மேல்கமிட்டித் தோழர் நாலாவின் ஈரக்காற்றுதான் காரணம், மூடநம்பிக்கைக்கு இடம் கொடுக்கக் கூடாது என்று ஒன்றேகால் மணி நேரம் பேசினார். பேசும்போது படத்தில் சாய்ந்திருந்ததால் அவருடைய கதர் ஜிப்பாவில் ஒரு சின்ன மூக்கு பதிந்தது, அதைப் போட்டுக்கொண்டே அவர் இன்னும் மூன்று மாவட்ட மாநாட்டில் பேசினார்.

தனகோட்டிக்கு மட்டும் தூக்கம் போயிற்று. அவன் துண்டுப் பிரசுரத்தில் கற்ற தர்க்கத்தோடு யோசித்தான். எட்டுப் பேருக்குப் பெயர் வாசித்தோம், காய்ந்தது. ஒன்பதாவதற்கு வாசிக்கவில்லை, காயவில்லை. ஆகவே ஒன்பதாவதாக ஒரு குழந்தை செத்திருக்கிறது, அதன் பெயர் நமக்குத் தெரியவில்லை. லோபலிடம் ஒருதரம் கேட்டான்: "தொர, அந்தப் புள்ள யாரு?" லோபல் தூரிகையைத் துடைத்துக்கொண்டே, "வருவார்கள் என்று நினைத்தேன்" என்றார். துரைக்குத் தமிழ் சரியாக வராது என்று தனகோட்டி விட்டுவிட்டான்.

குடிசை குடிசையாகக் கேட்டான். குழந்தையைத் தொலைத்தவர் ஒருவரும் இல்லை. நாலாவோரத்தில் இன்றைக்கு வருகிற குடும்பம் நாளைக்கு இருக்காது, கேட்பாரில்லாத பிள்ளையாக இருக்கும் என்று முடிவுசெய்தான். செத்தவர்களின் பெயர் போட்ட பிரசுரம் அச்சுக்குப் போக வேண்டும். அச்சுக்கோக்கிறவன் வாசலில் நின்று, "அண்ணாத்தே, பேர் எடம் காலியா கீது. இன்னா போடறது?" என்றான். தனகோட்டி ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம், பேனாவைக் கடித்தான். பூங்காவனம், வயது ஆறு, தகப்பன் பெயர் தெரியாது என்று எழுதிக் கொடுத்தான்.

ஐயாயிரம் பிரதி. ஒரு வாரத்துக்குள் ஓட்டேரிக்குப் பூங்காவனத்தை ஞாபகம் வந்துவிட்டது. ஒருவர் அவளுக்குக் கமர்கட்டு வாங்கிக் கொடுத்திருந்தார். இன்னொருவர் அவள் விழுந்த இடத்தைக் காட்டினார். வில்லிவாக்கத்திலிருந்து ஒரு அம்மாள் வந்து படத்தின் முன்னால் மாரில் அடித்துக்கொண்டு, என் பெண்ணே என்று அழுதாள். அந்த அம்மாளுக்குக் குழந்தையே பிறந்ததில்லை என்று பின்னால் தெரிந்தது, ஆனால் அவள் அழுதது பொய்யில்லை. பெண் குழந்தைகளுக்குப் பூங்காவனம் என்று பெயர் வைத்தார்கள்.

கொட்டகை கொள்ளாத கூட்டத்தில் தனகோட்டி அந்தப் பெயரை வாசித்தான். நானூறு தொண்டைகள் "இருக்கேன்" என்றன. ஓட்டுக்கூரை அதிர்ந்தது. லோகாம்பாள் போய்த் தொட்டாள். காயவில்லை. அதற்குப் பதில் புருவத்துத் தழும்பிலிருந்து சாயம் நெகிழ்ந்து கன்னத்தில் இறங்கி, மோவாயில் ஒரு நிமிஷம் நின்று, கீழே மண்ணில் சொட்டியது.

தூண் பக்கத்தில் நின்றிருந்த லோபல் தன் பாஷையில் ஒரு வார்த்தை சொன்னார். யாருக்கும் புரியவில்லை. கூட்டத்தை விலக்காமல், ஒவ்வொருவரிடமும் "மன்னியுங்கள், மன்னியுங்கள்" என்று வழி கேட்டுக்கொண்டு வெளியே போனார். மறுநாள் அவருடைய ஓட்டு வீடு காலியாக இருந்தது.

இதுதான் ஐந்தாவது அநியாயம்.

தனகோட்டிக்குக் கோபம்தான் வந்தது. ஒரு வெள்ளைக்காரனுக்கு நம் தியாகியின் அருமை எப்படித் தெரியும் என்று நாலு பேரிடம் சொன்னான். பிறகு சுதந்திரம் வந்தது. வந்த கையோடு சங்கத்துக்குத் தடை வந்தது. வெள்ளைக்காரன் சிறையில் இருந்ததைவிட அதிக நாள் அவன் நம்முடைய சிறையில் இருந்தான், இதைச் சுதந்திர தினத்தன்று நினைத்துப் பார்க்கிறவர்கள் குறைவு. கொட்டகைக்குப் பூட்டுப் போடப் போலீஸ் வருகிறது என்று தெரிந்ததும் பெண்கள் படத்தை எடுத்துப் போனார்கள். ஒரு முகம் ஈரமாக இருந்ததால் சுருட்ட முடியவில்லை, மடிக்க முடியவில்லை. சட்டத்தோடு மல்லாத்தி, பன்னிரண்டு பெண்கள் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு பட்டப்பகலில் தெருவழியே நடந்தார்கள். எதிரே வந்த போலீஸ்காரர்கள் ஏதோ சாவு என்று நினைத்துத் தொப்பியைக் கழற்றி ஓரமாக நின்றார்கள்.

மூன்று வருஷம் கழித்துத் தனகோட்டி வெளியே வந்தபோது படம் லோகாம்பாள் வீட்டில் ஒரு சுவராகவே நின்றிருந்தது. அவள் மில்லில் கணவனின் இடத்தில் வேலைக்குச் சேர்ந்து காலையில் இட்லியும் விற்றாள். தட்டை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"இன்னா செகரட்டரி, ஜெயில்ல என்னா படிச்ச?"

"நெறைய படிச்சேன்கா. பிரெஞ்சுப் புரட்சி, ருஷியப் புரட்சி..."

"இந்த வூட்டுச் சொவரப் படிச்சியா?" பின்னால் கையைக் காட்டினாள். "நாப்பத்திரெண்டு நாளு நாங்க எட்டுப் பேரும் அந்தாளு எதிர குந்திக்கினு இருந்தோம். மூக்கு எப்பிடி, காது எப்பிடி, மீசையில நரை உண்டா, எல்லாம் கேட்டாரு. எட்டு மொகத்துக்கும் கேட்டாரு. ஒம்பதாவது மொகத்துக்கு யாரக் கேட்டாரு?"

தனகோட்டியின் கையில் இட்லி நின்றது.

"எங்க யாரையும் கேக்கல. கதவச் சாத்திக்கினு, தன்னத்தானே கேட்டுக்கினாரு. யோசிச்சியா நீ? அவரு புள்ளைய நீ தூக்கினு போயி பூங்காவனம்னு பேரு வெச்சிட்ட. ஐயாயிரம் நோட்டீசு வேற."

"ஏன்கா அப்பவே சொல்லல?"

"சொன்னா கேக்கற காதா உனுக்கு? அச்சுல வந்தாதான கேப்ப."

அவன் தட்டைத் தள்ளிவிட்டுப் படத்தின் முன்னால் போய் உட்கார்ந்தான். ஐந்து வருஷமாகச் சாயம் வழிந்து அந்தக் குழந்தையின் முகத்தில் கொஞ்சம்தான் மிச்சமிருந்தது. இப்படியே போனால் இன்னொரு பங்குனிக்கு இருக்காது.

ஜார்ஜ் டவுனில் அச்சகத்துக்கு மேலே ஒரு அறையில் லோபலைக் கண்டுபிடித்தான். தாடி முழுக்க வெளுத்திருந்தது. எதிரே பாதி முடிந்த சரஸ்வதி. தனகோட்டி நாலு நாள் யோசித்துத் தயாரித்துவந்த பேச்சை மறந்துவிட்டான்.

"தொர, நான் தப்புப் பண்ணிட்டேன்."

"உட்காருங்கள்" என்றார் லோபல். சரஸ்வதியின் கண்ணுக்குக் கறுப்படித்து முடித்துவிட்டுத் திரும்பினார். "அவள் கண் சாம்பல் நிறம். நான் அவளைப் போடத்தான் உட்கார்ந்தேன், வருவாள் என்று நினைத்தேன். மூன்று நாள். என் கை லட்சுமியைப் போட்டது. கண்ணுக்குக் கறுப்பு, உங்கள் ஊர் மூக்கு, உருண்டைத் தாடை. அழித்தேன், மறுபடி போட்டேன், மறுபடி லட்சுமி. அவள் முகம் என்னிடம் இல்லை, ஐயா. தழும்பு மட்டும்தான் அவளுடையது, கட்டில் மூலையில் விழுந்தாள். மிச்சம் இருந்தது பெயர் ஒன்று. அதையும் நீங்கள் மாற்றினீர்கள்."

தனகோட்டி எழுந்து போய்விடலாமா என்று நினைத்தான். லத்தி வாங்கிய இடத்திலெல்லாம் நின்றவன், ஆகவே உட்கார்ந்திருந்தான்.

லோபல் ஒரு கடிதத்தை எடுத்தார். சண்டையில் காணாமல் போனவர்களைத் தேடுகிற கமிட்டி எழுதியது. மனைவியின் பெயர், யூதர்களைச் சாவு முகாமுக்கு ஏற்றிப்போன ஒரு ரயிலின் பட்டியலில் இருந்தது, போன பட்டியல், திரும்பி வந்த பட்டியல் இல்லை. மகளின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. உயிரோடிருப்பவர்களில் இல்லை, செத்தவர்களில் இல்லை.

"எங்களில் இறந்தவருக்காக எங்கள் ஆண்கள் பத்துப் பேர் சாட்சியாக நின்று ஒரு பிரார்த்தனை சொல்ல வேண்டும். மனைவிக்குச் சொல்லப் பத்துப் பேர் இந்த ஊரில் எனக்குக் கிடைக்கவில்லை. மகளுக்குச் சொல்ல எனக்கு உரிமையே இல்லை. செத்தவர்களோடு சேர்த்து அவள் பெயரை வாசித்தால், அவள் எங்கேயாவது இருந்தால், நானே கொன்றதாகும். ஆகவே நீங்கள் வீட்டுக்குப் போங்கள். உங்கள் மேல் கோபமில்லை. நீங்கள் பெயர் இல்லாத இடத்தில் ஒரு பெயர் போட்டீர்கள். நான் அந்தத் தைரியம் இல்லாதவன்."

இந்த இடத்தில் தனகோட்டிக்கு எந்தப் பிரசுரமும் உதவவில்லை. மில் வாசல்தான் உதவியது.

"தொர, மில்லுல செத்தவன் பேரை வாசிக்க மாட்டாங்க" என்றான். "செத்தவன் பேருக்கும் டிஸ்மிஸ் ஆனவன் பேருக்கும் கோடு போட்டுடுவாங்க. கோடு போடாத பேரத்தான் வாசிப்பாங்க. ஆளு வரலன்னாலும் வாசிப்பாங்க. எங்க கன்னியப்பன் பேருக்கு நிர்வாகம் கோடு போட்டுச்சு, நாங்க போடல. அதான் வருஷா வருஷம் வாசிக்கறோம். செத்துட்டான்னு சொல்றதுக்கில்ல. எங்க பதிவேட்டுல இன்னும் இருக்கான்னு சொல்றதுக்கு."

கோடு என்ற வார்த்தையில் லோபலின் கை நின்றது.

"கூப்பிடுவீர்கள். அவள் இல்லை. யார் பதில் சொல்வார்கள்?"

"பக்கத்துத் தறிக்காரன் சொல்லுவான். அதுக்குத்தான அவன் இருக்கான்."

லோபல் தூரிகையை எடுத்துக்கொண்டு சரஸ்வதியின் பக்கம் திரும்பிக்கொண்டார். தனகோட்டி படியிறங்கினான்.

பங்குனி வந்தது. சங்கத்தின் மேலிருந்த தடை நீங்கிக் கொட்டகைப் பூட்டு திறந்திருந்தது, படத்தைப் பெண்கள் மறுபடி தலைக்கு மேலே தூக்கிவந்து வைத்தார்கள். எட்டுப் பெயர் வாசித்து எட்டு "இருக்கேன்" வாங்கியபின் தனகோட்டி பதிவேட்டை மூடினான். கூட்டம் பூங்காவனத்துக்காகக் காத்திருந்தது. முன்வரிசையில் ஐந்து வயதுப் பூங்காவனங்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"தோழர்களே, பூங்காவனம்னு யாரும் சாகல" என்றான். "அந்தப் பேரை நான் எழுதினேன். அச்சகத்துல காலியா இருந்த எடத்துக்கு எழுதினேன். பொய்."

கொட்டகை அடங்க நேரமாயிற்று. "இன்னாயா பேசற? நான் அவளுக்குக் கமர்கட்டு வாங்கிக் குடுத்தவன்யா!" என்று ஒருவர் எழுந்து அழுதார். "அப்ப எட்டும் பொய்யா? சர்க்கார் சொன்ன மூணுதான் நெசமா?" என்று இன்னொருவர் கத்தினார். "மேல்கமிட்டிக்குத் தெரியுமா இது?" என்றார் மேல்கமிட்டித் தோழர். ஒரு செருப்பு வந்து தனகோட்டியின் தோளில் விழுந்தது. அவன் அதைக் குனிந்து எடுத்து மேசையில் வைத்தான்.

அப்போது வாசலில் "மன்னியுங்கள், மன்னியுங்கள்" என்று குரல் கேட்டது. வெளுத்த தாடியோடு லோபல் ஒவ்வொருவராக வழி கேட்டுக்கொண்டு உள்ளே வந்தார். கூச்சல் தானாகக் குறைந்தது. அவர் படத்துக்கு முன்னால் வந்து, வழிந்து கரைந்துபோன அந்த முகத்தைப் பார்த்தார், பிறகு திரும்பிக் கூட்டத்தைப் பார்த்து உதடசைய எண்ணத் தொடங்கினார்.

"இன்னா எண்றாரு?" என்றார் பாஷா பாய்.

"பத்து ஆம்பள வேணுமாம் சாட்சிக்கு" என்றான் தனகோட்டி.

"பொம்பளைங்க எண்ணிக்கையில இல்லியா?" என்றாள் லோகாம்பாள். "அந்தப் படத்த ரெண்டு தடவ தூக்கினது யாரு?"

லோபல் எண்ணுவதை நிறுத்தினார். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து பாதியில் நின்றது. பிறகு லோகாம்பாளைப் பார்த்து விரல் நீட்டி, "ஒன்று" என்று முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தார். இரண்டு பாஷா பாய். மூன்று, கமர்கட்டு வாங்கிக் கொடுத்தவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றார். நான்கு வில்லிவாக்கத்து அம்மாள். எண்ணப்பட்டவர்கள் எண்ணப்பட்ட இடத்திலேயே நின்றார்கள், எண்ணப்படாதவர்களும் எழுந்து நின்றார்கள்.

சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்து லோபல் தனகோட்டியிடம் நீட்டினார். தமிழில் எழுதியிருந்தார், செய்தித்தாளைப் பார்த்துக் கற்ற, அச்சடித்தது போன்ற எழுத்து.

"நீங்க படிங்க தொர. உங்க வாயால."

"பன்னிரண்டு வருஷம் சொல்லவில்லை. எனக்கு வராது" என்றார் லோபல். "மாற்றியவர் நீங்கள். நீங்கள் வாசியுங்கள்."

லோகாம்பாள் படத்தினருகே போய் ரிப்பனின் மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றாள். தனகோட்டி பதிவேட்டைத் திறந்து, பூங்காவனம் என்று எழுதியிருந்ததன் கீழே, எந்தக் கோடும் போடாமல், காகிதத்தில் இருந்ததை எழுத்தெழுத்தாக எழுதினான். நிமிர்ந்தான். ஓட்டேரிப் பாலம் வரைக்கும் கேட்கிற குரலில் அல்ல, நின்றிருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி வாசித்தான்:

"நோரா லோபல். தகப்பன் பெயர் எமில் லோபல்."